பத்துக்கு எட்டு

"கவலையே இல்லைன்னு எழுதியிருக்கீங்க சார். உங்க உடம்பு அப்படிச் சொல்லலையே?"

டாக்டரம்மா தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வருஷக்கணக்கில் சேர்ந்த மனக்கவலை வயதானவர்களின் உடம்பை எவ்வளவு தேய்த்திருக்கிறது என்று அளக்கும் ஆய்வு அது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு, உமிழ்நீர் என்று பத்துச் சோதனைகள். எல்லை தாண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். எதிரே இருந்த ஓய்வுபெற்ற சர்வேயருக்கு எட்டு. பக்கத்தில் அவர் மனைவிக்கும் எட்டு. சாம்பிள் மாறிவிட்டதோ என்று இரண்டாம் தடவை எடுத்துப் பார்த்தும் அதேதான்.

வழக்கு, வம்பு எதுவும் கிடையாது என்றார் சர்வேயர். ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் பேசுவாள் என்றார்.

"மாப்பிள்ளை தங்கம்" என்றார் மனைவி.

"சொக்கத் தங்கம்" என்று சர்வேயர் அவசரமாகத் தலையாட்டினார்.

டாக்டரம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தனித்தனியாகப் பேசிப் பார்ப்போம் என்று மனைவியை வெளியே உட்காரச் சொன்னார்.

சர்வேயர் முதலில் மழுப்பினார். பிறகு எழுந்து போய், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, மூன்று வருஷமாக நெஞ்சில் பூட்டி வைத்திருந்ததைத் தணிந்த குரலில் சொன்னார். மனைவி காதுக்குப் போனால் தாங்கமாட்டாள் என்று கெஞ்சினார். டாக்டரம்மா வாக்குக் கொடுத்தார்.

இவருடைய எட்டுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எதுவுமே தெரியாத அந்த அம்மாவுக்கு எப்படி எட்டு? குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அடுத்து மனைவி வந்தார். தூக்கம் எப்படி என்று கேட்டதுமே கண் கலங்கிவிட்டது.

"இது அவருக்கு மட்டும் தெரியவே கூடாது டாக்டர். ஒடைஞ்சு போயிடுவார்."

"சொல்லமாட்டேன். சொல்லுங்கம்மா."

"மாப்பிள்ளை எம் பொண்ணை விட்டுட்டுப் போய் மூணு வருஷமாச்சு. 'அப்பாகிட்ட சொல்லிடாதேம்மா'ன்னு எங்கிட்ட மட்டும்தான் சொன்னா."

பத்து நிமிடத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து சர்வேயர் சொன்னதும் அதைத்தான். 'அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா' என்று மகள் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாளாம்.