பொம்பளைங்க விஷயம்

"அண்ணே, ஆம்பளைங்க யாரும் இங்க உக்காரக் கூடாது. இது பொம்பளைங்க விஷயம்."

தையல் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் அம்மாள் இதைச் சொல்வது இரண்டாவது முறை. முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்த பெரிய மீசைக்காரர் அசையவில்லை.

சாப்பாட்டுக் கூடத்து மேஜைகளை ஓரம் தள்ளி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஹார்மோனையும் மார்பகப் புற்றுநோயையும் பற்றி நர்ஸ் விளக்குவார், நோயிலிருந்து மீண்ட ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்வார் என்று பலகையில் எழுதியிருந்தது. மூன்று மணிக்குக் கூட்டம். மூன்றேகால் ஆகியும் நர்ஸைக் காணோம். நாற்பது பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து காத்திருக்க, வாசல் தாண்டி வந்து சேர்ந்தது இந்த மீசை மட்டும்தான்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று அம்மாள் விசாரித்தார். வெல்டர் என்றார் அவர். உடனே ஆள் யாரென்று அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பின்பக்க கேட்டின் கீல் விட்டுப்போய், ஒரு வாரமாக வெல்டரை வரச் சொல்லித் தொண்டை வறண்டிருந்தது.

"கேட் பின்னாடி இருக்கு. முதல்ல அதைப் போய்ப் பாருங்க."

"பாத்துடலாம்மா. கூட்டம் முடியட்டும்."

டீயும் பிஸ்கட்டும் தருவார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் பட்டன் தைப்பவள். கூடம் கொல்லென்று சிரித்தது. மீசையும் சேர்ந்து சிரித்தது.

காலர் தைக்கும் சின்னப்பெண்ணுக்குப் பொறுமை இல்லை. ஹார்மோனுக்கும் இந்த நோய்க்கும் என்னக்கா சம்பந்தம் என்று கேட்டாள். நர்ஸ் வந்து சொல்வார் என்று அம்மாள் நழுவினார். மீசைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"நான் கேஸ் வச்சுத்தாம்மா வெல்டிங் பண்றேன். கேஸ் வந்தாத்தான் நெருப்பு எரியும். இதுல நிறைய கட்டிங்க அப்படித்தான். உடம்புல ஊறுற ஹார்மோன்தான் அதுக்கு கேஸ். ஒரு மாத்திரை இருக்கு. தினம் ஒண்ணு போட்டா, அந்த கேஸ் கட்டிக்குள்ள போகாம வால்வை மூடிடும்."

அதற்குப் பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. மாதவிடாய் நின்றபின் உடம்பு பெருத்தால் கொழுப்பும் அந்த ஹார்மோனைச் சுரக்கும் என்றார். குடித்தால் ஆபத்து கூடும், நடந்தால் குறையும், பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்களுக்கும் கொஞ்சம் குறையும் என்றார். எதுவும் முழுக் காவல் இல்லை, அதனால் கட்டி தட்டுப்பட்டால் மூடி மறைக்காமல் காட்டிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளுமா என்று ஒருத்தி கேட்டாள்.

"நாலு வருஷமா எங்க வீட்டுல அதோட கூத்துதான். திடீர்னு உடம்பு கொதிக்கும். ஃபேனை அஞ்சுல வைக்கணும். பக்கத்துல படுத்திருக்கறவங்க கம்பளிக்குள்ள பல்லு கிட்டிக்கிட்டுக் கிடக்கணும். காரணமே இல்லாம கோவம் வரும், அப்புறம் காரணமே இல்லாம அழுகை வரும். சோத்துல உப்பு கம்மின்னு ஒரு நாள் ரெண்டு மணி நேரம் அழுகை."

பாவம் அந்த மகராசி என்று உச்சுக்கொட்டினாள் பட்டன் தைப்பவள். வேளாவேளைக்கு மாத்திரையை யார் ஞாபகப்படுத்துவது என்று கேட்டாள். நேரமெல்லாம் தன் மனைவிக்குத்தான் சரியாகத் தெரியும் என்றார் அவர்.

அம்மாளின் முகம் மட்டும் மாறியிருந்தது. மெல்லக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இருக்காங்க. மாசாமாசம் வர்றது நின்னப்ப எழுதிக் குடுத்த ஹார்மோன் மாத்திரை. ஏழு வருஷமாச்சு. டாக்டரைப் பாக்காம, பழைய சீட்டைக் காட்டியே வாங்கிப் போட்டுக்கிட்டிருக்காங்க."

"குடும்பத்துல யாருக்காவது இந்த நோய் வந்திருக்கா?"

"என் சித்திக்கு..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அவங்க சித்திக்கு."

மீசைக்காரர் முகத்தில் சிரிப்பே இல்லை. "அவங்களா தொடரவும் வேணாம், பயந்து அவங்களா நிறுத்தவும் வேணாம். இந்த வாரமே டாக்டர்கிட்ட போய்க் கேக்கச் சொல்லுங்க. மார்பைப் படமும் எடுத்துப் பாக்கணும். தனியாப் போகப் பயப்படுவாங்க. நீங்களும் கூடவே போயிட்டு வந்துடுங்க."

காலர்காரி ஜன்னலைப் பார்த்தாள். பட்டன்காரி கூரையைப் பார்த்தாள். அம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வியாழக்கிழமை அவர்களை அழைத்துக்கொண்டு போகிறேன் என்றார். பிறகு தம் கையாலேயே அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

அப்போதுதான் நர்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தார். வண்டி பழுதாகி வழியில் நின்றுவிட்டதாம். மன்னிப்பு மேல் மன்னிப்புக் கேட்டார்.

"பரவாயில்ல மேடம். பேச வர்ற அம்மாவும் இன்னும் வரல," என்றார் அம்மாள். "நல்லவேளை, கேட் சரிபண்ண வந்த இந்த அண்ணன் அவர் சம்சாரம் பட்ட பாட்டையெல்லாம் எடுத்துச் சொன்னாரு. எங்களுக்குக் கண்ணே திறந்துபோச்சு."

நர்ஸ் குழம்பிப்போய் மீசைக்காரரைப் பார்த்தார். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"இவர் சம்சாரத்துக்கு ஒண்ணும் இல்லீங்களே," என்றார் நர்ஸ். "நாங்க பேச அனுப்புனதே இவரைத்தான். மார்புல கட்டி வந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டது, நாலு வருஷமா அந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டிருக்கறது, எல்லாம் இவர்தான்."