சீனி இறங்கிய புதன்கிழமை

நாற்பத்தெட்டு.

சுரேகா மெசினை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள். ஹலீம் நானாவின் அடுத்த விரலைப் பிடித்து இன்னொரு தரம் குத்தினாள்.

நாற்பத்தாறு.

எட்டுக் கிழமையாகப் புதன்கிழமை விடியவே வந்து இந்த வீட்டில் இரத்தச் சீனி பார்க்கிறவள் அவள். நூற்றுப் பத்து என்று வந்தாலே துள்ளிக் குதிப்பாள். நாற்பத்தாறு என்றால் ஆள் விழப்போகிறார் என்று அர்த்தம்.

ஹலீம் நானாவோ கதிரையில் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து இருந்தார். நெற்றி வியர்வை ஒழுகித் தாடிக்குள் இறங்கியது. இந்த விடியற்காலைக் குளிரில் யாருக்காவது இப்படி வேர்க்குமா? விரல்கள் வேறு நடுங்கின.

எல்லாம் அந்த மாவால் வந்த வினை என்றுதான் அவளுக்குப் பட்டது.

செட்டிகுளத்து உழுந்தின் புரதத்தை எடுத்து, நொதியம் போட்டுச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துக் காயவைத்த மா. அந்தத் துண்டுகளுக்குப் பெப்ரைட்டு என்று பெயர். தினமும் கரைத்துக் குடித்தால் சீனி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கலாம் என்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆராய்ச்சி. ஆளையே இறக்கிவிடும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஐயோ, என்னத்தைக் கலந்து தொலைத்தேன்?

அவருடைய மனைவி நஸீஹா குசினியிலிருந்து சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியோடு ஓடி வந்தார்.

ஹலீம் நானா வாயை இறுக்கி மூடிக்கொண்டு கோப்பையைத் தள்ளினார்.

"முதல்ல எழுதுங்கோ மகள். குடிச்சால் ஏறிப்போயிடும்."

நாக்குக் குழறியது. என்ன மனிசன் இது! உயிர் போகிற நேரத்தில் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சுரேகா கெஞ்சினாள், அதட்டினாள். அவர் அசையவில்லை. கடைசியில் கொப்பியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து நாற்பத்தாறு என்று எழுதிக் காட்டினாள்.

அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. பாதி தாடியில் ஊற்றுப்பட்டது, பாதி உள்ளே போனது.

நஸீஹா அழுதுகொண்டே ஏசினார். ஏசிக்கொண்டே தலையணைக்குக் கீழே கிடந்த வெறும் குளிசை மட்டையை எடுத்து நீட்டினார்.

சீனிக்குக் கிளினிக்கில் கொடுக்கிற குளிசை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று போடவேண்டியது. மனிசன் செவ்வாய் இரவு மூன்று, புதன் விடிய மூன்று. செவ்வாய் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடும் இல்லை. நோன்பு பிடித்துப் பழகின உடம்பு. ஐந்து கிழமையாக இரண்டு இரண்டாகப் போட்டு வந்தாராம், கடைசித் தரம் என்று இந்த முறைதான் மூன்றாம். நேற்றுத்தான் நஸீஹாவிடம் பிடிபட்டாராம். நாளையோடு முடிகிறது, சொல்லிப்போடாதே என்று சத்தியம் வாங்கிவிட்டாராம்.

ஐந்து கிழமைக்கு முன் என்ன நடந்தது என்று சுரேகாவுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வீட்டு வேலியடியில் நின்று பேராசிரியரிடம் போனில் ஏச்சு வாங்கிவிட்டு அழுதவள் அவள்தான். என்ன மகள் என்று கேட்டவரிடம், ஒருவருக்கும் சீனி இறங்கவில்லை, இப்படியே போனால் என் படிப்பு அவ்வளவுதான் என்று வாய்விட்டுச் சொன்னதும் அவள்தான். சீனி இறங்கினால் பிள்ளை பாஸ், இறங்காவிட்டால் ஃபெயில் என்று மனிசன் முடிவு கட்டிவிட்டார்.

அடுத்த கிழமையே இறங்கத் தொடங்கியது. மா வேலை செய்கிறது என்று அவளும் அன்றைக்கே பேராசிரியருக்கு அனுப்பினாள். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது. அதோடு ஒரு கேவலமான நிம்மதியும் வந்தது. தன் மா ஒருவரையும் கொல்லவில்லை.

கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் குத்திப் பார்த்தாள். எழுபத்தொன்பது. ஹலீம் நானாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோவுக்கும் சொல்லியாயிற்று.

சுரேகா அவர் காலடியில் குந்தினாள். இனி ஒருநாளும் இப்படிச் செய்யக்கூடாது என்றாள். உங்களுடைய இலக்கங்களை வெட்டிவிட்டாலும் என் படிப்புக்கு ஒன்றும் நடக்காது, மாக் குடிக்கிற மற்றப் பதினொரு வீடுகளிலும் நல்லாய்த்தான் இறங்கியிருக்கிறது என்று தைரியம் சொன்னாள்.

அதைக் கேட்டு அவர் சிரித்தார். பெருமையான சிரிப்பு.

"இறங்காமல் என்ன மகள்? பதினொரு வீட்டுக்கும் நான்தானே சொல்லி வச்சனான். இண்டைக்குக் கடைசி நாள் எண்டு குளிசை இன்னொண்டு கூட்டிப் போடவும் சொன்னனான்."

சுரேகா பட்டியலை எடுத்தாள். பதினொரு பேரும் விடிந்ததிலிருந்து வெறும் வயிற்றோடு அவளுக்காகக் காத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னவளும் அவள்தான்.

மணி ஏழரை.

முதல் பெயர் பத்மாசனி அக்கா. அறுபத்தெட்டு வயது. குளக்கட்டுக்கு அங்கால் தனிய இருக்கிறவர்.

சுரேகா போனை எடுத்து அடித்தாள். றிங் போனது. போய்க்கொண்டே இருந்தது.