ஜெராக்ஸ் கடை பெஞ்ச்

"அந்த பெஞ்சைத் தூக்கினாத்தான் நம்ம ஏரியாவுக்கு மரியாதை!"

போனில் முழங்கிக்கொண்டே மகனின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார் தலைவர். குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதட்டுவதற்கு ஆள் இல்லாமல் தவித்தவரிடம், ஏரியாவே மொத்தமாக மாட்டிக்கொண்டது.

எதிர்முனையில் கடைசித் தெரு டீச்சர்.

"பால்கனி கதவைத் திறக்கவே பிடிக்கலை தலைவரே. எப்பப் பாரு நாலு தடிப்பசங்க. கையில போன், காதுல ஒயர்."

"வேலைவெட்டி இல்லாத கூட்டம். வேறென்ன?"

கடைசித் தெருவை ஒட்டிய பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜெராக்ஸ் கடைக்கு எதிரே, மாநகராட்சி எப்போதோ போட்ட இரும்பு பெஞ்ச் அது. பகலெல்லாம் சில பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. உட்கார்ந்திருப்பதுதான் குற்றம். தலைவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. குப்பை, குழாய், சாக்கடை எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே பார்த்துவிடுகிறவர் அவர்.

"டீச்சர், இன்னைக்கு ஒரு போட்டோ எடுங்க. ஜெராக்ஸ் கடையிலயே பெருசா பிரிண்ட் போடச் சொல்லுங்க. சாயங்காலம் கூட்டத்துல எல்லாரும் பார்க்கட்டும். மாநகராட்சியில பேசிட்டேன். சங்கம் ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கே பெஞ்சைக் கழட்டிடுவாங்க!"

கருகல் வாசனை வந்தது.

பேசிய சூட்டில் கை நின்றுவிட்டது. நீலச் சட்டையில், காலருக்குக் கீழே, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது.

"அடடா... வேற சட்டை எடுத்துத் தரட்டுமாப்பா?"

"பரவாயில்லப்பா. என் முதுகை யார் பார்க்கப்போறா?" என்றான் மகன். சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவையும் பையையும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் கிளம்பினான்.

சாயங்காலம், நர்சரி பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஜெராக்ஸ் கடைக்கார அம்மா சுருட்டிய போட்டோவோடு வந்து, தலைவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"சார், இதை முதல்ல நீங்க மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்களேன்."

"ஏன், கலர் சரியா வரலையா?"

"கலரெல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. வந்து... அங்க உட்கார்றவங்க எல்லாம் நம்ம ஏரியா பிள்ளைங்கதான் சார். வேலை போயிடுச்சு. வீட்டுல சொல்ல பயந்துக்கிட்டு வந்து உட்கார்றாங்க. அங்கிருந்தேதான் வேலைக்கு எழுதிப் போடறாங்க."

"ஓசியில வைஃபை கொடுத்து உட்கார வெக்கிறதே நீங்கதானாமே! போய் உட்காருங்கம்மா."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். மைக் கிடைத்த பிறகு அவருக்குக் காது கேட்காது.

"என் பையனையே எடுத்துக்குங்க. காலையில கிளம்பினா பொழுது சாஞ்சுதான் வீடு திரும்பறான். உழைக்கிறவனுக்கு பெஞ்சுல உட்கார ஏதுங்க நேரம்? இதெல்லாம் பெத்தவங்க வளர்ப்பு! டீச்சர், அந்தப் போட்டோவைக் காட்டுங்க."

டீச்சர் கடைக்கார அம்மாவிடமிருந்து போட்டோவை வாங்கி, விரித்துக் கரும்பலகையில் ஒட்டினார். பின்னாலிருந்து எடுத்த படம். முகம் ஒன்றும் தெரியவில்லை. வரிசையாக முதுகுகள்தான்.

"மொட்டை வெயில்ல உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிடுதுங்க பாருங்க. ஏதோ சுற்றுலா வந்த மாதிரி" என்றார் ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார்.

"அந்த நீலச் சட்டையைப் பாருங்க" என்று டீச்சர் ஸ்கேலால் தொட்டுக் காட்டினார். "முதுகுல கருகிப்போன சட்டை! அப்பா, அம்மான்னு யாராவது ஒழுங்கா இருந்தா இப்படி அனுப்புவாங்களா?"

தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கரும்பலகைக்குப் பக்கத்தில் போனார். காலருக்குக் கீழே பார்த்தார். பக்கத்தில் திறந்திருந்த டப்பாவைப் பார்த்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

"தலைவரே, அப்ப பெஞ்சைக் கழட்டச் சொல்லிடலாமா?"

"வேண்டாம்."

"என்னது?"

"பெஞ்ச் அங்கேயே இருக்கட்டும்." மைக்கைக் கீழே வைத்துவிட்டார். "பாவம், வெயில்ல உட்கார்ந்திருக்காங்க. மேல ஒரு கூரை போட்டுத் தரச் சொல்லுவோம்."

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஒருவர் கைதட்டினார். பெஞ்சைக் கழட்டத் தலையாட்டிய அத்தனை தலைகளும், அதே வேகத்தில் கூரைக்கும் ஆடின.

"தலைவருக்கு என்ன மனசு! நானும் இதையேதான் நினைச்சேன்" என்றார் டீச்சர், ஸ்கேலைப் பைக்குள் போட்டுக்கொண்டே.

ஜெராக்ஸ் கடைக்கார அம்மா எழுந்து போய்ப் போட்டோவைக் கரும்பலகையிலிருந்து பிரித்து, சுருட்டி, தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தலைவர் போனை அணைத்துவிட்டு இஸ்திரி போட்டார். வெள்ளைச் சட்டை. ஒரு மடிப்பு பிசகவில்லை.

"ஆபீஸுக்கு நேரமாச்சுப்பா" என்று மகன் பையை மாட்டிக்கொண்டான்.

தலைவர் வாசல் வரை வந்தார். அவன் முகத்தைப் பார்க்காமல் குடையை நீட்டினார்.

"இதையும் எடுத்துக்கிட்டுப் போப்பா. கூரை போட இன்னும் ஒரு வாரமாவது ஆகும்."