துணி மூடிய ரொட்டி

பனி படிந்த சமையலறை ஜன்னலில் மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கிறது. மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்புப் பொட்டு எரிகிறது. குழந்தைகள் பேசப் பழகுவதை ஆராயும் குல்தென், மாதம் ஒருமுறை துருக்கியின் எர்சுரும் நகரத்து இந்த வீட்டுக்கு வருகிறாள். நெர்மின் அவளுக்குத் தேநீர் கலக்குகிறாள்; ஆனால் காது தரைக்குக் கீழே இருக்கிறது. பட்டாளத்திலிருந்து ஓடிவந்த நெர்மினின் தம்பி, பதினொரு நாளாகக் கீழே கரி அறையில் ஒளிந்திருக்கிறான். நெர்மினின் மகள், மூன்று வயது இபெக்கின் முன்னால் குல்தென் இரண்டு கரடி பொம்மைகளை வைத்து, ஒன்றுக்கு மட்டும் தேன் ஊட்டுவதாக நடிக்கிறாள். “எந்தக் கரடி வேணும், கண்ணு?” “தேன் தின்ன கரடி.” “அடேயப்பா! போன மாசம் ‘கரடி, தேன்’னுதானே சொன்னே! நெர்மின் அக்கா, உங்க பொண்ணு பெரிய வாயாடி ஆயிட்டா.” “எங்க வீட்டு ரேடியோ. மூடவே தெரியாது” என்று நெர்மின் சிரிக்கிறாள். கரண்டி கண்ணாடி டம்ளரில் கிணுகிணுக்கிறது. குல்தென் விளையாட்டாக, மேசையோரம் துணி மூடி வைத்திருக்கும் ரொட்டியைத் தொடுகிறாள். இபெக் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். “எடுக்காத!” “ஏன்டி, யாரோட ரொட்டி இது?” குழந்தை நெற்றியைச் சுருக்குகிறாள். சொற்களை ஒவ்வொன்றாக, கீழே விழாமல் அடுக்குகிறாள். “கரி ரூம்ல ஒளிஞ்சிருக்கற மாமாவுக்கு அம்மா கொண்டு போற ரொட்டி.”

கரண்டி நின்றுவிடுகிறது. கைதட்ட எழுந்த குல்தெனின் உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. தரைக்குக் கீழே யாரோ ஒருமுறை இருமுகிறார்கள். இத்தனை நீளமான வாக்கியத்தை இதுவரை சொல்லியிராத இபெக், பாராட்டுக்காக இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டேயிருக்கிறது.