ஐந்தாம் வார்டில் போடாத ஊசி

"நேத்து மத்தியானம் பத்து வார்டுக்கும் போன் பண்ணச் சொன்னதே நான்தான்," என்றார் தலைமை மருத்துவர்.

கூட்ட அறையில் நர்ஸுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேசினது யாருன்னே உங்களுக்குத் தெரியாது. 'புது டாக்டர் பேசறேன், மூணாம் பெட்டுக்கு மருந்தை நாலு மடங்கு போடுங்க, கையெழுத்து அப்புறம் போடறேன்'னு ஒரு குரல். அவ்வளவுதான். ஒன்பது வார்டுல ஊசி போட்டாச்சு. குப்பியில வெறும் உப்புத் தண்ணிதான் வெச்சிருந்தேன். நிஜ மருந்தா இருந்திருந்தா?"

மூத்த நர்ஸ் மெல்லச் சொன்னார்: "டாக்டர்னு சொன்ன பிறகு எப்படி சார் எதிர்த்துக் கேக்கறது? முப்பது வருஷமா தலையாட்டியே பழகிட்டோம்."

"தலையாட்டாத ஒருத்தங்களும் இருக்காங்களே. அஞ்சாம் வார்டு சிஸ்டர், முன்னால வாங்கம்மா."

இளம் நர்ஸ் ஒருத்தி எழுந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளோ நாற்காலியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

"நான் இல்ல சார். நாலு குப்பியையும் உடைச்சு நானும் ஊசியில ஏத்திட்டேன். தரை துடைச்சிட்டிருந்த அக்காதான் தடுத்தாங்க."

"துப்புரவு வேலை பார்க்கிறவங்களா? அவங்களுக்கு மருந்தைப் பத்தி என்ன தெரியும்?"

"எழுதப் படிக்கவே தெரியாது சார். 'இந்தப் பெட்டுக்குத் தினமும் குப்பைத் தொட்டியில ஒரு குப்பிதானே விழும், இன்னிக்கு ஏன் நாலு?'ன்னு கேட்டாங்க. டாக்டர் உத்தரவுன்னு அதட்டினேன். 'அந்த டாக்டர் நேர்ல வந்து சொல்லட்டும் கண்ணு'ன்னு பெட்டுக்குக் குறுக்க நின்னுட்டாங்க. மீறிப் போனேன். கையைத் தட்டி விட்டாங்க. ஊசி கீழ விழுந்துடுச்சு."

தலைமை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படிச்சவங்க பத்து பேரும் செய்யாததை அந்த அம்மா செஞ்சிருக்காங்க. கூட்டிட்டு வாங்க. எழுந்து நின்னு கும்பிடணும்."

யாரும் நகரவில்லை.

"அவங்க இப்ப வேலையில இல்ல சார்," என்றாள் நர்ஸ். "என் மேல கை வெச்சாங்கன்னு மேனேஜர் புகார் எழுதினார். பயத்துல நான் வாயைத் திறக்கல. இன்னிக்குக் காலையில அவங்க வேலைநீக்க உத்தரவை மேனேஜர் உங்ககிட்ட நீட்டினப்போ நானும் பக்கத்துலதான் நின்னேன். அவர் சொன்னார்ங்கறதுக்காக, நீங்க படிச்சுக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டீங்க சார்."