மூன்றாவது டிவி

"மறுபடியும் மூணாவது டிவியில பழைய படம்! யாரு வேலை இது?"

ஜெஃப்ரி போட்ட சத்தத்தில், மாப்பும் கையுமாக நின்ற ருக்குமணி பதறிப்போனாள்.

தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களுக்கான மண்டபம் அது. எந்த டிவியில் எந்தப் படம் ஓடவேண்டும் என்று ஒரே கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுகிற சுவிட்சரைப் பொருத்த ஈப்போ டவுனிலிருந்து வந்தவன் ஜெஃப்ரி. எல்லா டிவியிலும் தோட்டத்தைப் பற்றிய புதுப் படம்தான் ஓடவேண்டும் என்பது தலைமை ஆபீஸ் உத்தரவு. நாளை மதியம் அவர்கள் வந்து பார்ப்பார்கள். கோளாறு இருந்தால் அவன் பிழைப்பில் மண்தான்.

ஆனால் தினமும் காலையில் வந்து பார்த்தால் மூன்றாவது டிவி மட்டும் மாறியிருக்கும்.

"நீங்கதானே அக்கா கம்ப்யூட்டர்ல கை வெச்சது? எப்பப் பாரு அந்த டிவி முன்னாலதான் நிக்கிறீங்க!"

"ஐயோ, எனக்கு அதெல்லாம் தொடவே பயம்லா தம்பி!"

அவன் நம்பவில்லை. நேரே மானேஜர் குகனேஸ்வரனிடம் போய்ப் புகார் சொன்னான்.

கல்நெஞ்சக்காரர் என்று தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கப் பேர் வாங்கிய மனுஷன் அவர். மண்சரிவில் மகனைப் பறிகொடுத்த ருக்குமணியை, கருமாதி முடிந்த கையோடு மண்டபம் கூட்ட வரச்சொன்னவர். அவரைத் திட்டாத வாய் இல்லை.

"அந்தம்மா மேல பழி போடாதே. உன் வயரிங்தான் சரியில்ல. போய்ப் பாரு!"

ஜெஃப்ரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய படம் ஓடும் பிளேயரின் பச்சை, நீல, சிவப்பு வயர்கள் மூன்றையும் பிடுங்கிப் போட்டான். இனி எப்படி வரும், பார்க்கலாம்!

வரவில்லை. மறுநாள் காலை அந்த டிவி இருண்டு கிடந்தது. வெளியே விடாத மழை. ருக்குமணி அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி, இன்னைக்கு மகேன் வரமாட்டானா?"

"எந்த மகேன்?"

"என் மவன். பழைய படத்துல லோரி ஓட்டிக்கிட்டே சிரிப்பான்ல? வீட்ல போட்டோதான்பா இருக்கு. அசையிற மாதிரி இது ஒண்ணுதான். யாரு போடுறாங்கன்னு தெரியாது, வந்தா ஓடிக்கிட்டிருக்கும். பார்த்துட்டுத்தான் கூட்டுவேன்."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

ஜெஃப்ரி, என்ன பாவம் செய்துவிட்டோம் என்று மிஷின் இருந்த அறைக்கு ஓடினான். கதவு திறந்தே கிடந்தது.

சுவிட்சருக்குப் பின்னால், தூசியில் மண்டியிட்டு, டையைத் தோளில் தூக்கிப் போட்டபடி மானேஜர் வயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர்ல மாத்துறது மட்டும்தான்யா எனக்குத் தெரியும். இந்த மூணு வயர்ல எது எங்க போவுது? கம்ப்யூட்டர் திரையில பையன் மூஞ்சி பச்சையாத் தெரியுது. அந்தம்மா தண்ணி பிடிச்சிட்டு வர்றதுக்குள்ள சரி பண்ணிடுய்யா!"