மீன் தொட்டிக்கு வந்த தண்ணீர்

இந்தக் காலத்தில் எவனும் நல்ல சரக்கு விற்பதில்லை. பேத்தி கனிமொழியின் புதுக் கண்ணாடித் தொட்டியில் விடுகிற மீனெல்லாம் மறுநாளே செத்து மிதந்தது. பிள்ளை சோறு தின்ன மாட்டேன் என்று அழுதாள். தருமபுரி மீன் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"நோவு மீனை என் தலையில கட்டிட்டியாடா?"

"என்ன தண்ணிங்க ஊத்துனீங்க?"

"எங்கூர்க் குழாய்த் தண்ணி. சுத்தமான தண்ணி."

"அதுல பிளீச்சிங் பவுடர் இருக்குங்க. ஒரு நாள் தொறந்து வெச்சு அப்புறம் ஊத்தணும்."

"ஊரே அதைத்தான் குடிக்குது. எவன் செத்தான்?"

"பவுடர் போடறவரைக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஊர்த் தொட்டிக்குப் பவுடர் போடுகிறவனே நான்தான். மீன் சாகும்போதெல்லாம், தண்ணீர்மேல் எவனும் குறை சொல்லக் கூடாதென்று ஒரு கை கூடுதலாகப் போட்டேன்.

சுத்தம் எப்படிக் கொல்லும்? திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.